நோவில்லாத முழங்கால்

தனக்கு முழங்கால் நோவே இல்லை என்று ஏர்னஸ்ட் ஒரு வெள்ளிக்கிழமை முடிவெடுத்தார்.

நோ இருந்தது. வலது முழங்காலில், இரண்டு வருசமாக. அவர் புலம்பெயர்ந்து வந்து வாழும் சான்ட்ரிங்ஹாம் வீட்டு வாசலில் இருப்பதே மூன்று படி. அதை ஏற அவருக்கு மூன்று வாய்தா வேண்டும். மற்றவர்களுக்கு இரண்டு கால். அவருக்கு ஒரு காலும் ஒரு முக்காலும்.

ஆனால் சனிக்கிழமை இன்சூரன்ஸ்காரர் வருகிறார். அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. ஏர்னஸ்டுக்கு வயது அறுபத்தாறு. அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம்தான். ஆனால் முழங்காலுக்குக் காத்திருக்கிறவர்களின் வரிசையோ முடிவில்லாதது. மேலதிகமாக ஒரு காப்புறுதி எடுத்துவிட்டால், வரிசையில் நிற்காமல் தனியார் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்துகொள்ளலாம். ஒரே ஒரு சிக்கல். ஏற்கெனவே இருக்கிற வருத்தத்துக்குக் காப்புறுதி இல்லை.

"ஆனபடியால் டோறின், எனக்கு நோ இல்லை. விளங்கிச்சுதோ?"

"வடிவா விளங்கிச்சுது" என்றார் மனைவி.

நாற்பது வருசக் கலியாணத்தில் டோறின் இவ்வளவு கெதியாக எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. ஏர்னஸ்ட் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

இன்சூரன்ஸ்காரர் ரவிசங்கர் மதுரைப் பக்கத்து இளைஞர். படிவத்தை விரித்தார்.

"அங்கிள், ஒரு விஷயம். இருக்கிற நோயை மறைச்சு, அது பின்னாடி தெரியவந்தா பாலிசியே போயிடலாம். உள்ளதைச் சொல்லிட்டா அந்த ஒண்ணுக்குத்தான் கவர் இருக்காது. மூட்டுவலி ஏதாவது?"

"மூட்டுவலியோ? எனக்கோ?" கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார் ஏர்னஸ்ட். கண்ணுக்குள் நட்சத்திரம் பறந்தது. சிரிப்பை மட்டும் முகத்தில் ஆணி அடித்து வைத்திருந்தார்.

"ஆன்ட்டி?"

"அவற்ற காலைப் பற்றி அவர்தானே தம்பி சொல்லவேணும்."

கையெழுத்து விழுந்தது. டோறின் தான் பொரித்த பற்றிஸ் பார்சலோடு ரவிசங்கரைக் கார் வரைக்கும் வழியனுப்பிவிட்டு வந்தார்.

"இஞ்சாருங்கோ, புல்லு வளந்து கிடக்குது. ஒருக்கா வெட்டிவிடுங்கோ."

"டோறின், என்ர கால்..."

"கால்?"

"கால்... கால் மணித்தியாலத்தில வெட்டிப்போடுறன்."

திங்கட்கிழமை ஏணி வந்தது. கூரையில் மழைத்தண்ணீர் ஓடும் பீலி முழுக்க இலைச் சருகு. புதன்கிழமை காரை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்கு நடை. திரும்பும்போது தோளில் அரிசி மூட்டை. முனகினால் டோறினிடம் ஒரே பதில்தான்.

"நோவெண்டாச் சொல்லுங்கோ. ரவிசங்கருக்கு இப்பவே போன் அடிக்கிறன்."

"ஆருக்கு நோ? எனக்கோ?"

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை. எல்லாரும் முழந்தாளில் நிற்கும்போது இரண்டு வருசமாக ஏர்னஸ்ட் வாங்குப் பலகையில் இருந்தே செபிப்பார். அன்றைக்கு டோறின் காதுக்குள் சொன்னார்: "நோவில்லாத ஆள் இருந்துகொண்டோ செபிக்கிறது?"

ஏர்னஸ்ட் முழந்தாளிட்டார். அதோடு சரி. சனம் எழும்பியது, அவர் எழும்பவில்லை. நற்கருணை வாங்கப் போனது, வந்தது. கடைசிப் பாட்டும் முடிந்தது. கோயில் காலியான பிறகு ஃபாதர் வந்து தோளில் கை வைத்தார்.

"ஏர்னஸ்ட், இப்பிடியொரு பக்தியை நான் கண்டதில்லை."

"பக்தியில்லை ஃபாதர், பொய். ஒருக்காத் தூக்கிவிடுங்கோ."

வீட்டுக்கு வந்ததும் நேரே போனடிக்குப் போய் ரவிசங்கரைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் சொன்னது பொய். வலது முழங்கால். ரெண்டு வருசமா நோ."

"சரி அங்கிள், எழுதிக்கிறேன். ஃபார்ம் இன்னும் என்கிட்டதான் இருக்கு."

"ஏன்?"

"ஆன்ட்டி அன்னைக்கே கார்கிட்ட சொல்லிட்டாங்களே. அங்கிள் ஒரு வாரத்துல தானாவே சொல்லுவார், அதுவரைக்கும் அனுப்பாதீங்கன்னாங்க. முழங்காலைத் தவிர மத்ததுக்குக் கவர் கிடைக்கும்னு நம்பலாம் அங்கிள்."

ஏர்னஸ்ட் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"நீர் சொல்லிப்போட்டீரோ?"

"ஓம். டொக்டரிட்டயும் சொல்லிப்போட்டன். செவ்வாய்க்கிழமை போறம். ஆஸ்பத்திரி வரிசையில பேரைக் குடுக்கச் சொல்லிக் கேப்பம். நீங்கள் டொக்டரிட்ட மறைச்ச ரெண்டு வருசத்தில வரிசையில பாதித்தூரம் வந்திருக்கலாம்."

"பிறகேன் ஒரு கிழமையா என்னைப் போட்டு வாட்டி எடுத்தனீர்?"

"நான் நோவில்லாத மனுசனிட்டத்தானே வேலை வாங்கினனான்."

செவ்வாய்க்கிழமை. அந்தச் சொல் ஏர்னஸ்டின் காதுக்கு இதமாகத்தான் இருந்தது. அடுத்த கோடைக்குள் கோர்ன்வால் பார்க்கில் டோறினுக்குச் சமமாக நடக்கலாமோ என்றுகூட ஒரு எண்ணம் ஓடியது. ரிசீவரை வலக்காதில் வைத்து, நன்றி சொல்லி முடிக்கப் போனார்.

இடப்பக்கம் நின்ற டோறின் சொன்னார்: "வைச்சுப்போடாதேங்கோ. இடது காது கேக்கிறேல்லை எண்டதையும் சொல்லுங்கோ."

"என்ன சொன்னீர்?" என்றார் ஏர்னஸ்ட்.