மேஸ்திரி ஏறிய மணல்மேடு

இருபத்தேழு வருஷமாக மணலிலேயே புரண்ட மனுஷரை, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மனைவி மணல் பார்க்கக் கூப்பிட்டால் வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள். கட்டட மேஸ்திரிக்கு எரிந்தது. ஆனாலும் கிளம்பினார். "காரை நான் ஓட்டுறேங்க" என்று மனைவி ஒரு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவரிடம் சாக்குகள் தீர்ந்துவிட்டன. அந்தப் பேச்சுக்கு இன்று மணல்மேட்டில் சமாதி கட்டுவது என்று முடிவு செய்திருந்தார்.

மணல்மேட்டு டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் காரை நிறுத்தி இறங்கியவர் அண்ணாந்து பார்த்தார். ஏழெட்டு மாடி உயரத்துக்கு மணல். அதுவும் செங்குத்தாக. அண்ணாந்த தலையை அவர் இறக்கவே இல்லை.

"எத்தனை லோடு தேறும்?" என்றாள் மனைவி.

"சும்மா இரு. இதைப் போய் லோடு கணக்குல பேசிக்கிட்டு" என்று அதட்டிவிட்டு, விஷயத்துக்கு வந்தார். "ஒரு பந்தயம். யாரு முதல்ல உச்சிக்குப் போறாங்களோ, கார் விஷயத்துல அவங்க வச்சதுதான் சட்டம். தோத்தவங்க அப்புறம் வாயே திறக்கக் கூடாது."

"என் முழங்கால் வலி தெரிஞ்சுமா?"

"முடியலன்னா விட்டுடு."

அவள் மேட்டை இப்படியும் அப்படியும் பார்த்தாள். "எந்தப் பக்கமா வேணா ஏறலாமா?"

"தாராளமா. எந்தப் பக்கம் போனாலும் மணலு மணலுதான்."

மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே ஏறினார். சைட்டில் கொட்டிய மணல் ஈரமாக இருக்கும், சொன்ன பேச்சுக் கேட்கும். இந்த மணல் கேட்கவில்லை. ஒரு அடி வைத்தால் ஒன்றரை அடி கீழே இறக்கியது. பாதி தூரத்தில் கையும் சேர்ந்துகொண்டது. அப்புறம் முழங்கையும். கடைசியில் வயிற்றால் ஊர்ந்து உச்சியில் தலையை நீட்டினார். மனைவி அங்கே செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கடல் பக்கம் காத்து அடிச்சு அடிச்சு மணல் இறுகிக் கெடக்குதுங்க. சரிவும் கம்மி. கைக்குழந்தையோடகூட ஏறி வர்றாங்க."

மேஸ்திரி அதற்குள் கடலைப் பார்த்துவிட்டார். கண்ணுக்கு எட்டிய மட்டும் நீலம். கடலை ஒட்டி மேட்டுக்கு மேல் மேடாக மணல். சாரம் கிடையாது, மட்டப்பலகை கிடையாது, ஆள் கிடையாது, வெறும் காற்றே கட்டியது. விளிம்பெல்லாம் நூல் பிடித்த மாதிரி ஓடியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நானும் எத்தனையோ சுவர் எழுப்பிட்டேன். இப்படி ஒண்ணு வரலையே."

"உக்காந்து நல்லா பாருங்க."

"நீதான் ஜெயிச்சே. நாளைக்கே டிரைவிங் ஸ்கூல்ல சேத்துவிடறேன்." எப்படியும் ஆறு மாசம் இழுக்கும் என்று உள்ளுக்குள் ஒரு ஆறுதல்.

"சரிங்க. சாவி குடுங்க, தண்ணி கார்லயே இருக்கு."

கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே கொடுத்தார். எவ்வளவு நேரம் போனதோ, போன் அடித்தது.

"தண்ணியை டிக்கெட் கவுன்ட்டர்ல குடுத்திருக்கேன். நீங்க ஆற அமரப் பாத்துட்டு இறங்குங்க. நான் பக்கத்து ஊர்ல அம்மாவைப் பாத்துட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

"எதுல போறே? உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே!"

"லைசென்ஸ் வந்து ரெண்டு மாசம் ஆச்சுங்க. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்னுதான் இருந்தேன்."

மேஸ்திரி திரும்பிக் கீழே பார்த்தார். இரண்டு சுற்றுலா பஸ்களுக்கு நடுவிலிருந்து, நாலு பேர் கையசைத்து வழி சொன்னாலும் அவருக்கு வராத ரிவர்ஸை அவள் ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டிருந்தாள்.