பாதாளத்தில் ஒரு தர்ணா

இடுக்கி மாவட்டத்தில் ஒழிக அண்ணாச்சி எதிர்க்காத ஒரே பொருள் ஏலக்காய். அதுவும் அது திருப்பிப் பேசாது, சண்டை சுவைக்காது என்பதால்தான்.

வண்டன்மேட்டில் எங்கள் எஸ்டேட் தொழிலாளர் லயத்து வரிசையில் கடைசி வீடு அவருடையது. பஸ் தாமதமானால் "ஒழிக!" சீக்கிரம் வந்துவிட்டால் இன்னும் உரக்க "ஒழிக!", மனுசன் டீ குடித்து முடிக்க வேண்டாமா? மாரியம்மன் திருவிழாவில் பொங்கல் தீர்ந்துபோனது. "கமிட்டித் தலைவர் ஒழிக!" என்று முழங்கினார்.

"அண்ணாச்சி, நீங்கதான தலைவர்?"

"அப்ப ராஜினாமா பண்ணுதேன். தலைவர் ஒழிக!"

இதையெல்லாம் ரசித்துச் சிரித்தவன்தான் நானும், என் ஓபராவில் அவர் கைவைக்கும் வரை. இன்னமும் எனக்கு ஆறவில்லை.

ஓபரா என்றால் வசனமே இல்லாமல் முழுக்கப் பாடி நடிப்பது. சென்னையில் இசை படித்துவிட்டு வந்த வேகத்தில் ஒரு கிரேக்கப் புராணக் கதையை எடுத்தேன். மூன்று பாடகர்கள், வயலின், புல்லாங்குழல், மிருதங்கம். சின்ன அரங்குக்கு அளவான இசை. இறந்துபோன மனைவியை மீட்க ஒரு பாடகன் பாதாளம் போகிறான். பாட்டில் மயங்கிய மரண அரசன் அவளை அனுப்புகிறான். ஒரு நிபந்தனை: முன்னால் நடக்கிறவன், வெளியேறும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்துவிடுகிறான். அவள் ஒரேயடியாகப் போய்விடுகிறாள். அப்போது அவன் பாடும் கடைசிப் பாட்டுக்காகத்தான் நான் அத்தனையும் எழுதியதே.

கிளப் ஹாலில் அரங்கேற்றம். தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்து மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பாடகனாக நடித்த முருகன் திரும்பினான். மனைவியாக நடித்த தேன்மொழி ஓரடி பின்வைத்தாள். வயலின் இழைய ஆரம்பித்தது.

"நிறுத்துலே!"

முதல் வரிசையிலிருந்து மேடையேறிய அண்ணாச்சி, மரண அரசனாக நின்ற பிஜுவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அனுப்புதேன்னு சொன்ன பெறகு என்னவே கண்டிசன்? கட்டுனவ வாராளான்னு பாத்தா குத்தமா? அப்பிடியே மேனேஜர் புத்தி! புள்ளய அனுப்பு!"

"அண்ணாச்சி, எறங்குங்க. கதையே அதான்!" பல்லைக் கடித்தேன்.

"கத ஒழிக!"

அவ்வளவுதான். ஹால் முழுக்கக் கைகள் உயர்ந்தன. "மரண ராசா ஒழிக! அனுப்பு, அனுப்பு!" மிருதங்கக்காரன், துரோகி, கோஷத்துக்குத் தாளம் போட்டான். பிஜு கூட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கிரீடத்தைக் கழற்றினான், முருகனிடம் தன் மலையாளத் தமிழில் சொன்னான்: "கொண்டு போய்க்கோ சேட்டா!"

என் கடைசிப் பாட்டை இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.

வெளியே மூடுபனி. ஜீப்பில் ஏறும்போதும் அண்ணாச்சிக்குக் கோபம் இறங்கவில்லை. தேன்மொழியை முன் சீட்டில் உட்காரவைத்து, முருகனைப் பின்னால் தள்ளினார். "அவ முன்னால போவட்டும். நீ பாத்துக்கிட்டே வா. எவன் கேக்கான்னு பாத்துருவோம்."

நான் பின்படியில் தொற்றிக்கொண்டேன். பக்கத்தில் அவரும் தொற்றினார். ஒவ்வொரு வளைவிலும் அவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் நான் விழுந்துவிடாதபடி என் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.