பத்தாம் நம்பர் சப்பாத்து

நான் மரியாதை தெரிந்தவன். (இதை நானே சொல்லிக்கொள்வது என்ன மரியாதை என்று கேட்காதீர்கள்.) என் ஆயுளில் ஒரு குடும்பத்துக்குப் பெரிய கெடுதல் ஒன்று செய்திருக்கிறேன். கோபத்தில் செய்யவில்லை, பொறாமையில் செய்யவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் செருப்பைக் கொண்டுபோகக் கூடாது என்று எனக்கு ரொம்ப நன்றாகத் தெரிந்திருந்ததால் செய்தேன்.

ஜப்பான்காரன் மலாக்காவைப் பிடித்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது. அரிசிப் பங்கீட்டு ஆபீசில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. அரிசியே இல்லாத ஊரில் என்ன பங்கீடு என்று கேட்பீர்கள். வரிசையில் நிற்கிறவர்களிடம் அரிசி இல்லை என்று சொல்லவும் ஒரு படித்த ஆள் தேவைப்பட்டது, அது நான். அந்த வேலையில் ஒரே ஒரு நன்மை இருந்தது. ஜப்பானிய எழுத்தும் சிவப்பு முத்திரையும் போட்ட ஒரு துணிப்பட்டி கொடுத்திருந்தார்கள். அதைக் கையில் கட்டியிருந்தால் சயாமுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் தொடமாட்டார்கள்.

சயாமில் ரயில் பாதை போட வேண்டும் என்று முதலில் தோட்டங்களில் ஆள் பிடித்தார்கள். போதவில்லை என்று டவுனுக்குள் வந்தார்கள். மூன்றே மாதம், நல்ல சாப்பாடு என்று சொல்லி ரயிலேற்றிய எவரும் திரும்பி வரவில்லை. அதனால் கையில் பட்டி கட்டிய மாப்பிள்ளைக்கு ஏகப்பட்ட கிராக்கி. வயது வந்த பெண்ணைக் கல்யாணம் ஆகாமல் வீட்டில் வைத்திருக்கவே பெற்றவர்கள் நடுங்கினார்கள். அதற்கு முன் என்னை ஏறெடுத்துப் பார்க்காத குடும்பங்கள்கூட என் ஜாதகத்தைக் கேட்டன. நான் அதை என் மூக்கு முழியின் பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி வந்த இடங்களில் ஒன்று காஜா பேராங்கில், கம்போங் செட்டிக்குப் பக்கத்துச் சந்தில். சித்தப்பா வந்து விவரம் சொன்னார்.

"பொண்ணு பேரு கமலம். அப்பா இல்ல, அம்மா மட்டும்தான். அண்ணன்காரன் ஒருத்தன் இருந்தான், முத்தையான்னு. ஆள்பிடிக்குப் பயந்து ஜொகூர் பக்கம் ஓடிட்டானாம். நாலு பேரா போனா கண்ணுல படும்டா. நீ மட்டும் போயி, பசியாறிட்டு வர்ற மாதிரி பாத்துட்டு வந்துடு."

பெண் பார்க்கப் போக எனக்குச் சட்டை இருந்தது, பட்டி இருந்தது. காலுக்குத்தான் ஒன்றுமில்லை. டயர் ரப்பரை வெட்டி வார் வைத்த செருப்பு ஒன்று. ஊரே அதைத்தான் போட்டது, இல்லாவிட்டால் மரக்கட்டைச் செருப்பு. எங்கள் ஆபீசில் பெரிய கிராணி என்று ஒருவர், ஆறடி உயரம். அவரிடம் யுத்தத்துக்கு முன் வாங்கிய கறுப்புத் தோல் சப்பாத்து இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அதை இரவல் வாங்கினேன். பத்தாம் நம்பர். என் கால் ஆறு. கிழிந்த கைலியைத் துண்டு துண்டாக்கி முன்பக்கம் அடைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது ஒரு ஜில்லாவையே ஆளுகிறவன் போலத்தான் இருந்தேன். (கண்ணாடி இடுப்போடு முடிந்துவிட்டது என்பது வேறு விஷயம்.)

வீடு தரையிலிருந்து ஐந்து படி உயரத்தில் இருந்தது, பலகை வீடு. படிக்குக் கீழே பெண்பிள்ளைகளின் கட்டைச் செருப்பு இரண்டு ஜோடி. கமலத்தின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க தம்பி. சப்பாத்த அங்க விட்டுடாதீங்க. கையில எடுத்துக்கிட்டு உள்ள வாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்குள் சப்பாத்தையா? கதவுக்கு நேரே சாமி விளக்கு எரிகிறது. என்ன சொல்கிறார் இந்த அம்மாள்? இருந்தாலும் மறுத்துப் பேசவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி, உள்ளேயிருந்த துணிகளை யாருக்கும் தெரியாமல் உருவிச் சட்டைப் பைக்குள் திணித்தேன். பிறகு அதைப் பிணத்தைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சுவரோரம் வைத்தேன்.

வறுத்த சோளத்தில் போட்ட காப்பியும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் வந்தன. கமலம் கொண்டுவந்து வைத்தாள். ஒருமுறைதான் நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தை அல்ல, சப்பாத்தை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்போது தலைக்கு மேலே பரணில் பலகை கிரீச்சென்றது.

"எலியாங்க?" என்றேன்.

"ஆமா தம்பி. பெரிய எலி" என்றார் அம்மா. கமலம் சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

புத்தியுள்ளவனாக இருந்தால் அங்கேயே எதையாவது யோசித்திருப்பான். நான் யோசித்தது சப்பாத்தைப் பற்றி. இது நிச்சயம் பரீட்சைதான் என்று முடிவு கட்டினேன். மாப்பிள்ளைக்கு மரியாதை தெரிகிறதா, சாமி இருக்கும் இடத்தில் செருப்பை வைத்துக்கொண்டு கூச்சமில்லாமல் கிழங்கு தின்கிறானா என்று பார்க்கிறார்கள்! அதோடு, அந்த அழகான சப்பாத்து உள்ளே கிடந்தால் தெருவில் யார் பார்ப்பது? கை கழுவுகிற சாக்கில் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். படியின் மேல்தட்டில், தெருவைப் பார்த்தபடி, ஜோடியாக, நேராக வைத்தேன். எதிர்வீட்டுச் செட்டி அம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, சப்பாத்தைக் காட்டிக் கையைக் கையை ஆட்டினார். ஊர்க்கண் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

நான் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு கடைக்கு மேலே தனி அறையில் குடியிருந்தவன். காஜா பேராங்கில் குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அந்த வருடம் அங்கே எந்த வீட்டு வாசலிலும் ஆண்பிள்ளை செருப்பு கிடக்காது. வெள்ளைக்காரன் ஆட்சியில் இதற்கு அவசியமே இருந்ததில்லை, அவன் செருப்போடு படுக்கையறை வரை போகிறவன். ஜப்பான்காரன் செருப்பைக் கழற்றுகிறவன், வாசல் செருப்புக்கு அர்த்தம் தெரிந்தவன். அவனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கங்காணியோ நம்மவர். வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணினால் உள்ளே எத்தனை ஆண்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கதவைத் தட்டக்கூட வேண்டாம்.

கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். தொப்பி போட்ட கங்காணி, பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

"ஆம்பள இல்லாத வீடுன்னு போன மாசம் சொன்னீங்களேம்மா. வாசல்ல ஜோரா சப்பாத்து கெடக்கு?"

அம்மாவின் முகம் வெளுத்தது. நான் எழுந்தேன். இதற்காகத்தானே பிறந்தேன் என்பதுபோல் எழுந்து கைப்பட்டியைக் காட்டினேன். "நான் விருந்தாளி. பங்கீட்டு ஆபீஸ் கிராணி."

கங்காணி முத்திரையைப் பார்த்தார். தொப்பியை எடுத்தார். "மன்னிச்சுக்குங்க சார். தெரியாம வந்துட்டோம்." திரும்பிப் படியிறங்கத் தொடங்கினார். அவ்வளவுதான், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் முடிந்திருக்கும். கதவுக்குப் பின்னால் கமலம் நிற்பது தெரிந்தது. வாசல் வரை போய், கனத்த குரலில், "இனிமே இந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாது, தெரியுதா?" என்றேன்.

கங்காணி நின்றார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். பிறகு சப்பாத்தை.

"சார் சப்பாத்துதானுங்களா?"

"ஆமா."

"அழகா இருக்கு. போட்டு நடந்து காட்டுங்க, பாப்போம்."

போட்டேன். இரண்டு படி இறங்கினேன். மூன்றாவது படிக்கு என் கால் வந்துவிட்டது, சப்பாத்து மேலேயே நின்றுவிட்டது. போலீஸ்காரர்களில் ஒருவன் சிரித்தான். கங்காணி சிரிக்கவில்லை.

"இது யார் சப்பாத்து?"

இரவல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாட்சிக்குத் துணியெல்லாம் பைக்குள் இருக்கிறது, கையைவிட்டு எடுத்துக் காட்டினால் ஆயிற்று. பயத்தில் நாக்கு எழவில்லை என்றுதான் இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். பொய். நாக்கு நன்றாகவே எழுந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில், அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கந்தல் துணியை எடுத்துக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

"என்னோடதுதான். கொஞ்சம் பெருசா தச்சுட்டான்" என்றேன்.

கங்காணி தலையை அசைத்தார். போலீஸ்காரன் படியேறிப் போய் அம்மாவைக் கன்னத்தில் அறைந்தான். அவர் விளக்குக்குப் பக்கத்தில் போய் விழுந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது பரணிலிருந்து குரல் வந்தது.

"அம்மாவ அடிக்காதீங்க. நான் வர்றேன்."

ஏணியில்லாமல் குதித்தான். நெட்டையான ஆள். வெயில் படாத உடம்பு, தோள் வரை முடி. ஏழு மாதமாக மேலேயே இருந்திருக்கிறான். அப்போதுதான் நான் பைக்குள் கையைவிட்டேன். துணியை எல்லாம் உருவி நீட்டினேன். "ஐயா, இது இரவல் சப்பாத்துங்க! இதோ பாருங்க, துணி அடச்சிருந்தேன்!" என்று கத்தினேன். அழுதுகொண்டே கத்தினேன்.

கங்காணி துணிகளைப் பார்த்தார். அவருக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"இத முன்னாலயே சொல்லியிருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேனே சார்" என்றார்.

முத்தையாவின் காலில் ஒன்றுமில்லை. நான் சப்பாத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. போட்டுக்கொண்டான். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. "பெரிய மனசு கிராணி சார் உங்களுக்கு" என்றான். கிண்டலாகச் சொன்னானா, நிஜமாகச் சொன்னானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா அவனைத் தொடப் போனார். விடவில்லை.

நான் வெறுங்காலோடு அறைக்குத் திரும்பினேன். மறுநாள் பெரிய கிராணி சப்பாத்து எங்கே என்றார். "சயாமுக்குப் போயிருக்குங்க" என்றேன். "எப்ப வரும்?" என்று கேட்டார். (அவர் சப்பாத்தைத்தான் கேட்டார், பாவம்.) யுத்தம் முடிகிறவரை வாரத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் எனக்குப் பெண் கொடுப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஒரு மாதத்தில் சித்தப்பாவிடம் ஆள் அனுப்பினார்கள். வீட்டில் ஆண் துணை இல்லாமல் போய்விட்டது, இனிக் கமலத்தை வைத்திருக்க முடியாது, கைப்பட்டியுள்ள ஒருவன் வேண்டும். "உங்களப் பிடிச்சு கட்டிக்கல. பயந்துபோயி கட்டிக்கிட்டேன்" என்று கமலம் பிற்பாடு ஒருநாள் சொன்னாள். பிடிக்க அவளுக்கு ஆறேழு வருடம் ஆயிற்று.

யுத்தம் முடிந்தபின் சயாமிலிருந்து உயிரோடு வந்த ஒருவர், முத்தையாவை ஒரு முகாமில் காய்ச்சலோடு பார்த்ததாகச் சொன்னார். "காய்ச்சல்னுதானே சொன்னாரு" என்றார் என் மாமியார். அதற்குமேல் எதையும் கேட்க அவர் தயாராக இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதமாக இருந்தார். "மாப்பிள்ள, கழட்டாதீங்க. சப்பாத்தோட உள்ள வாங்க." விளக்குக்கு முன்னால், துடைத்த பலகையின் மேல், டக்டக்கென்று நடந்து போவேன். உடம்பெல்லாம் கூசும். ஆனால் ஆபீசில் பெருமை அடித்துக்கொண்டேன். எந்த மாமியாராவது மருமகனுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்ததுண்டா என்று கேட்டேன். என்னை மன்னித்துவிட்டார் என்றுகூட நினைத்தேன்.

யுத்தம் முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை, நானும் கமலமும் போனபோது மாமியார் கோவிலுக்குப் போயிருந்தார். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. தரையை அப்போதுதான் கழுவித் துடைத்திருந்தார். மனசு கேட்கவில்லை. அவர்தான் இல்லையே என்று சப்பாத்தைப் படியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

வெளியே ஒரு கூடை விழுந்து உருளும் சத்தம் கேட்டது. மாமியார் ஓடிவந்தார். அறுபதை நெருங்கிய பெண்பிள்ளை அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. முகமெல்லாம் சிரிப்பு. நான் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் படவேயில்லை. நேரே பரணுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"எப்பய்யா வந்த? எறங்கி வாய்யா. அவனுங்கெல்லாம் போயிட்டானுங்க, ஒண்ணும் பயமில்ல. எறங்கி வா."

கமலம் போய் அவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"நீங்களா மாப்பிள்ள. பசியாறிட்டீங்களா?" என்றார்.

அதற்குப்பின் அவர் சாகும்வரை, பதினெட்டு வருடம், நான் அந்த வீட்டுக்குள் சப்பாத்தோடுதான் போனேன். என் பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. பாட்டி வீட்டுக்குள் சப்பாத்தோடு போகிற ஒரே மனுஷர் அப்பா! இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்து மறந்துபோய்ச் செருப்போடு உள்ளே கால் வைத்தால், "அதுக்கு எங்க அப்பாவுக்கு மட்டும்தான் அனுமதி, நீங்க கழட்டிடுங்க" என்று என் பெரிய மகன் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன். கமலம் இருந்தவரை அந்த நேரம் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

காரணத்தைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடலாமா என்று ஒருமுறை அவளிடம் கேட்டேன். "வேணாம். அவங்க சிரிக்கட்டும்" என்றாள். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படித்த பிறகும் பிள்ளைகள் அந்த வேடிக்கையைச் சொல்லிச் சிரிப்பார்களா என்று தெரியவில்லை. சிரிக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.