என் தலையை நேர்ந்துகொண்ட இஸ்திரி அக்கா

காரைக்குடியில் எங்கள் தெருவில் சொந்த உடம்பு உள்ளவர் ஒருவரும் கிடையாது. ஒருவர் முதுகு அங்கப்பிரதட்சணத்துக்கு, ஒருவர் தோள் காவடிக்கு, ஒருவர் தலை மொட்டைக்கு என்று எல்லாவற்றையும் ஏதாவது ஒரு சாமியிடம் ஏற்கெனவே பேசி முடித்தாகிவிட்டது. பேசி முடித்தது ஒரே ஆள். தெருமுனை வேப்பமரத்தடியில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரி அக்காதான். பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. பதினெட்டு வருடமாகத் துணி கொடுக்கிறேன், கேட்டதில்லை. தெருவுக்கு அவர் வேண்டுதல் அக்கா.

வேண்டிக்கொள்ளாத ஆள் நம்மில் யார்? ஆனால் நாமெல்லாம் நமக்காக வேண்டிக்கொள்கிறவர்கள். அக்கா அடுத்தவருக்காக வேண்டிக்கொள்வார். அதுவரை நல்ல குணம்தான். அதை நிறைவேற்ற வேண்டியவரும் அந்த அடுத்தவர்தான் என்பதில்தான் வம்பே இருக்கிறது.

எதிர்வீட்டு ரிட்டயர்டு மேனேஜரின் ஸ்கூட்டர் ஒருமுறை காணாமல் போய், நான்கு நாள் கழித்துக் கோட்டையூர் பக்கம் கிடைத்தது. மறுநாளே அக்கா அவரை நிறுத்தி, பங்குனியில் நீங்கள் பால்குடம் எடுக்கிறீர்கள் என்று தகவல் சொன்னார். மேனேஜர் சாமியே இல்லை என்று மேடையேறிப் பேசுகிறவர். ஸ்கூட்டரைக் கண்டுபிடித்தது போலீஸ் என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அக்கா வாதம் செய்யவில்லை. அவருடைய சட்டைகளை மட்டும் கசங்கியபடியே திருப்பி அனுப்பினார். மூன்று வாரம் தாக்குப்பிடித்த மேனேஜர், பங்குனியில் மஞ்சள் வேட்டியோடு பால்குடம் தூக்கினார். வேட்டி மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

நீங்கள் உங்களை ஏன் எதற்கும் நேர்ந்துகொள்வதில்லை என்று ஒருநாள் கேட்டேன். பெட்டியில் கரியைத் தள்ளியபடி, "கங்கு அணையாமப் பாக்கணும் டீச்சர். நேரம் இருக்கவுக போயிட்டு வரட்டும்னுதான்" என்றார். நேரம் இருக்கிறவர் பட்டியலில் நானும் ஒருநாள் சேருவேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் கணக்கு டீச்சர். என்னிடம் படித்த பிள்ளைகளுக்குக் கணக்கு மறந்திருக்கும், என் பின்னல் மறந்திருக்காது. இடுப்புக்குக் கீழே இறங்கும். கரும்பலகைப் பக்கம் வேகமாகத் திரும்பினால் முதல் பெஞ்சில் ஒருவர் மேல் பட்டே தீரும். அதனால் எனக்குச் சாட்டை டீச்சர் என்று பெயர். கேட்டால் கோபம் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் பெருமைதான், பொய் சொல்வானேன்.

போன தை மாதம் என் இதயத்தில் ஒரு வால்வு மக்கர் செய்து, மதுரையில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். பல மணி நேரம் ஆனதாம். அந்த நேரம் முழுவதும் அக்கா இங்கே பெட்டியைத் தேய்த்தபடி தவித்திருக்கிறார். தவித்தவர் சும்மா இருப்பாரா? டீச்சர் பிழைத்து வந்தால் முழு மொட்டை என்று என் தலையைக் குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துவிட்டார்.

வீடு வந்த மூன்றாம் நாள் இந்தச் சங்கதியை என்னிடம் சொன்னார். எனக்கு இருமினாலே நெஞ்சு விண்ணென்று தெறிக்கும். ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் கோபப்படவே முடியும். அப்படி அணைத்துக்கொண்டு, யாரைக் கேட்டு என் முடியை நேர்ந்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க மயக்கத்துல கெடந்தீக டீச்சர். நான் யாரைக் கேக்குறது?" என்றார்.

 மொட்டை போட மாட்டேன் என்று அன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

முதல் இரண்டு மாதம் முடியைப் பற்றி நினைக்கவே நேரமில்லை, தோல் பார்த்துக்கொண்டது. பிளாஸ்திரி ஒட்டிய இடமெல்லாம் சதுரம் சதுரமாகக் கன்றிக் கறுத்தது. கால் தோல் காய்ந்து உரிந்தது. நெஞ்சுத் தழும்பு தடித்து, கழுத்துக்குக் கீழே ரவிக்கைக்கு வெளியே ஒரு விரற்கடை எட்டிப் பார்த்தது. அரிப்பென்றால் அப்படி ஓர் அரிப்பு, ஆனால் சொறியக் கூடாது. டாக்டர் சொன்ன களிம்பைத் தவிர வேறு எதுவும் தடவக் கூடாது, வெயில் படக் கூடாது. விசாரிக்க வந்தவர்களோ ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். மஞ்சள், வேப்பிலை, கழுதைப்பால் வரைக்கும் போனது. சொல்லும்போது எல்லோர் கண்ணும் தழும்பிலேயே நிற்கும். முகத்தில் ஒரு 'ஐயோ' இருக்கும். அந்த 'ஐயோ'வைப் பார்த்துப் பார்த்து, சித்திரை வெயிலில் கழுத்துவரை துண்டு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்காவும் ஒரு பொட்டலம் திருநீறோடு தழும்பில் பூச வந்தார். என் வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்துவிட்டார். கொண்டுவந்ததை வீணாக்குவானேன் என்று அவர் நெற்றியில் அள்ளிப் பூசிவிட்டு அக்கா உள்ளே வந்தார். துண்டை விலக்கச் சொன்னார். குனிந்து, முனையைப் பிடித்துத் துணி பார்க்கிற மாதிரியே பார்த்தார். 'ஐயோ' வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தையல் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு டீச்சர். நல்ல கை. இந்தச் சுருக்கமெல்லாம் நாளாக நாளாகப் படிஞ்சுரும்" என்றார்.

மூன்று மாதத்தில் அந்தத் தழும்பைப் பார்த்து ஒருவர் பாராட்டியது அன்றைக்குத்தான். அவர் போன பிறகு நான் துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் நிற்கவில்லை. முடி கொட்டத் தொடங்கியது. சீப்பில் இரண்டு முடி, நாலு முடி என்கிற கதை இல்லை. தலையில் தண்ணீர் ஊற்றினால் கொத்தாகக் கையோடு வந்தது. பெரிய ஆபரேஷன் ஆனால் உடம்பு பயந்துபோய் முடியை ஓய்வுக்கு அனுப்பிவிடும், மூன்றாம் மாதம் வாக்கில் கொட்டும், பிறகு தானாக முளைக்கும், கவலை வேண்டாம் என்றார் டாக்டர். அவருக்கென்ன, வழுக்கை. என் வீட்டுக்காரர் ரசத்தில் கிடக்கும் முடியை எனக்குத் தெரியாமல் எடுத்து இலைக்கடியில் ஒளித்து வைப்பார். அந்த நல்ல குணத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் அழுகை வரும். சாட்டை சணல் கயிறாகி, வகிடு ரோடு மாதிரி அகலமாகிவிட்டது.

ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் இஸ்திரிக்குப் போன துணி சொல்லிவிட்டது. நைட்டி முதுகெல்லாம் நீள நீளமாக முடி. அக்கா பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"நீங்க குடுக்க மாட்டேன்னீக. அவரே வந்து கொஞ்சங் கொஞ்சமா எடுத்துக்கிறாரு" என்றார்.

டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூன்றாம் மாதம் என்று கணக்காக எப்படி வருகிறது, அது முருகன் கொடுத்த கெடுதான் என்று முடித்துவிட்டார். மறுநாள் முதல் வண்டியின் கரிமூட்டைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. என் முடிக்காக. கொட்டினது ஒன்றுகூட வீணாகாமல் போய்ச் சேர்ந்தால் முருகன் மிச்சத்தை விட்டுவைப்பார் என்பது அவர் யோசனை. தினம் காலையில் வாசலில் நின்று, பால்காரர் மாதிரிக் கூப்பிடுவார்.

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு ஒன்று கவனித்தேன். அதுவரை உதிர்ந்த முடியைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அழுவேன். இப்போது அழ நேரமில்லை. வாசலில் ஆள் நிற்கிறது. சுருட்டிக் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவேன்.

இருந்தாலும் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் என்பதை நினைத்தால் காபி இறங்காது. எந்த முகத்தோடு வகுப்புக்குள் நுழைவது? பிள்ளைகள் கேலி செய்தால் ஒரு அதட்டுப் போடலாம், பாவம் என்று பார்த்தால் என்ன செய்வது? விருப்ப ஓய்வுக்கு மனு எழுதி மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டேன். இன்னும் பத்து வருடம் சர்வீஸ் இருக்கிறது. கணக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. வீட்டுக்காரரிடம்கூட மனுவைக் காட்டவில்லை.

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மே மாதக் கடைசியில் வந்து நின்றார். "நாலஞ்சு மாசமா நைட்டியாத்தான் வருது. பள்ளிக்கூடம் தெறக்கப் போகுது, கஞ்சி போட்ட சேலை ஒண்ணையுங் காணோமே" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. வியாழக்கிழமை குன்றக்குடி போகிறோம், இந்தப் பையைக் கொடுத்து முடித்துவிடலாம் என்றார். பையோடு முடிந்தால் சரி என்று நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்காரர், நான், அக்கா, மஞ்சப்பை என்று நாலு பேரும் டவுன் பஸ்ஸில் போனோம். பதினெட்டு வருடத்தில் அக்கா வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடியதை அன்றுதான் பார்த்தேன். அடிவாரத்தில் முடி எடுக்கிற இடத்தில் அக்கா பையைப் பிரித்து நீட்டினார். உட்கார்ந்திருந்தவர் உள்ளே பார்த்துவிட்டு, இத்தனை வருடத்தில் முடியைப் பார்சலாகக் கொண்டுவந்தவர் நீங்கள்தான், தலையில் இருப்பதை எடுத்தால்தான் காணிக்கை என்றார். கதையைக் கேட்டதும் அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. பொம்பளைகள் பூமுடி கொடுப்பது வழக்கம்தானே, மூன்று இணுக்கு வெட்டிவிடுகிறேன், போய்ச் சாமி கும்பிடுங்கள் என்று கத்தரியை எடுத்தார். எனக்கு உயிர் வந்தது. வீட்டுக்காரர் சட்டென்று எனக்கு முக்காலி தேடினார்.

அக்கா மட்டும் அசையவில்லை.

"நான் நேந்தது முழு மொட்டை. மூணு இணுக்குக் குடுத்துட்டுப் போயி, நாளைக்கு இவுகளுக்கு ஒண்ணுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரு முன்னால நிக்கிறது?" என்றார். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

கசங்கின சட்டையைத் திருப்பி அனுப்பி ஒரு மேனேஜரையே பால்குடம் தூக்க வைத்த மனுஷி அழுவதை அன்றுதான் பார்த்தேன். தை மாதத்திலிருந்து இந்தப் பயத்தைச் சுமந்துகொண்டுதான் பெட்டி தேய்த்திருக்கிறார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அப்போது என் வயதே இருக்கும் ஓர் அம்மா, புது மொட்டையில் சந்தனம் பூசிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். பூக்கடையில் ஒருத்தி, "யாருக்கு வேண்டுதல்க்கா?" என்று மரியாதையாகக் கேட்டாள். மகனுக்கு என்று சொல்லிவிட்டு அந்த அம்மா நிமிர்ந்து நடந்தார். முகத்தில் ஒரு 'ஐயோ' கிடையாது, கேட்டவள் முகத்திலும் கிடையாது.

எனக்குள் ஏதோ சரியாக விழுந்தது. முடி மெலிந்த தலையோடு போனால், என்ன ஆச்சு, இப்படி ஆகிவிட்டீர்களே என்பார்கள். மொட்டையோடு போனால் நம் ஊரில் ஒரே கேள்விதான், எந்தக் கோயில்?

முக்காலியில் உட்கார்ந்து, முழுசாக எடுங்கள் என்றேன். வீட்டுக்காரர் பதறிப்போய் டாக்டருக்கு போன் போட்டார். ரத்தம் உறையாமலிருக்க நான் மாத்திரை சாப்பிடுகிறேன், சின்ன வெட்டுக்கூடப் படக் கூடாது. மெஷினை வைத்து ஒட்ட எடுக்கச் சொன்னார் டாக்டர். இதைக் கேட்டதும் முடி எடுக்கிறவர் கத்தியைத் தள்ளி வைத்துவிட்டு மெஷினைத் துடைத்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஸ்திரி வேலையை எடுத்துக்கொண்டார். காதுப்பக்கம் மெதுவாக, அங்குட்டுத் திருப்புங்க, இங்குட்டு விட்டுப்போச்சு என்று ஒரு மணி நேரம் அந்த மனிதரை வறுத்தெடுத்தார். முடிந்ததும் மஞ்சப்பை முடியையும் என் காலடி முடியையும் ஒன்றாகச் சேர்த்து ஒப்படைத்தார். சந்தனத்தை அவரே பூசினார். அஞ்சு மாதத்தில் முதல்முறையாகத் தலை குளிர்ந்தது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று கஞ்சிச் சேலை கத்தி மாதிரி மடிப்போடு வீடு தேடி வந்தது. கட்டிக்கொண்டு போனேன். வகுப்புக்குள் நுழைந்து கரும்பலகையில் தேதியை எழுதினேன். பிறகு முதல் பெஞ்சிலிருந்து எந்தக் கோயில் டீச்சர் என்று கேள்வி வந்தது. குன்றக்குடி என்றேன். நாலு பேர் தாங்களும் அங்கேதான் போட்டோம் என்று எழுந்து சொன்னார்கள். அவ்வளவுதான், பின்னக் கணக்கை ஆரம்பித்துவிட்டேன். மதியத்துக்குள் எனக்குப் பழனியாண்டி டீச்சர் என்று புதுப்பெயர் வைத்தாயிற்று. மனுவைக் கிழித்துப் போட்டேன். இப்போது முடி ஒரு விரல் நீளம் வந்திருக்கிறது, முன்பு இல்லாத சுருட்டையோடு. அது முருகன் போட்டுக்கொடுத்தது என்கிறார் அக்கா. தழும்பும் அவர் சொன்னபடி படிந்துதான் வருகிறது.

போன மாதம் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று சிவகங்கையில் ஆபரேஷன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேப்பமரத்தடியில் வண்டி தார்ப்பாய் மூடிக் கிடந்தது.  இந்த மனுஷி இல்லாமல் இந்தத் தெருவை என்னால் நினைக்க முடியவில்லை. குன்றக்குடி இருக்கும் பக்கம் திரும்பிக் கைகூப்பி, எலுமிச்சம்பழம் அளவுள்ள அவர் கொண்டையை முழுசாக நேர்ந்துகொண்டேன்.

அக்கா நல்லபடியாகத் திரும்பிவிட்டார், வண்டியில் புகை வருகிறது. நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சண்டைக்கு வருவார், வரட்டும். அவர் மயக்கத்தில் கிடந்தார், நான் யாரைக் கேட்பது?