நல்ல நேரத்தில் கிளம்பிய பை

எனக்கு மூடநம்பிக்கை எதுவும் கிடையாது. ராகுகாலத்தில் வெளியூர் கிளம்ப மாட்டேன், அவ்வளவுதான். (இரண்டும் ஒன்றுதான் என்பாள் என் மனைவி மாலதி. அவளிடம் வாதாடி நான் ஜெயித்ததில்லை.)

மகள் தாரா அப்போது நான்காம் வகுப்பு. 'நான் நேரில் பார்த்த காட்டு விலங்கு' என்று கட்டுரை எழுதி, திங்கட்கிழமை பள்ளியில் கொடுக்க வேண்டும். கோபாலபுரத்தில் எங்கள் தெருவில் நாய்களை விட்டால் வேறு விலங்கு கிடையாது. "யானையையே காட்டறேன்டி" என்று வாக்குக் கொடுத்து, மலைப்பக்கம் ஒரு சரணாலயத்தில் ஞாயிறு காலை வேனில் மூன்று இடம் பதிவு செய்தேன்.

சனிக்கிழமை ஒன்பதரைக்குத்தான் வாடகைக் கார் வருமாம். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம்! அதற்கும் வழி இருக்கிறது. நல்ல நேரத்தில் ஒரு பையை அடுத்த வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எப்போது வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். பழைய துணியை வைத்து ராகுவை ஏமாற்றக் கூடாதென்று, அனுமதிச் சீட்டு, அடையாள அட்டைகள், பைனாகுலர் என முக்கியமானதையெல்லாம் ஒரே பையில் போட்டேன். எட்டே முக்காலுக்கு எதிர் ஃப்ளாட் ரமணி சார் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

கார் வந்தது. "இன்னா சார், வீட்டையே தூக்கினு வர்றீங்களா?" என்றார் டிரைவர். பெட்டிகளை டிக்கியில் திணித்தோம். ரமணி சார் மெனக்கெட்டுக் கீழே வந்து கையசைத்தார். (வெறுங்கை.)

அன்றிரவு மாலதியின் அண்ணன் வீட்டில் தங்கிவிட்டு, காலை ஆறு மணிக்குச் சரணாலய கவுண்டரில் நின்றோம். "சீட்டு, அடையாள அட்டை" என்றார் அங்கே இருந்தவர். நான் மாலதி பக்கம் திரும்பினேன்.

"மாலு, அந்தப் பையை எடுத்தியா?"

"நீங்கதானே வெச்சீங்க? நீங்கதானே எடுக்கணும்?"

மொபைலில் சிக்னல் இல்லை. "ஒரிஜினல் இல்லாம உள்ள விட முடியாதுங்க" என்றார் கவுண்டர்காரர், பொறுமையாகத்தான். நான் கத்தினேன். வருடா வருடம் வரி கட்டுவதைச் சொல்லிக் கத்தினேன். மேஜையைத் தட்டிய தட்டில் அவருடைய டீ கவிழ்ந்தது. எங்கள் மூன்று இடத்தையும் காலியாக வைத்துக்கொண்டு வேன் காட்டுக்குள் போய்விட்டது. தாரா அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் திரும்பும்வரை எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் அவள் கட்டுரையை எல்லோர் முன்னாலும் படித்தார். "நான் பார்த்த காட்டு விலங்கின் முகம் சிவப்பாக இருக்கும். காலை ஆறு மணிக்கு உறுமும். டீயைக் கொட்டும். அம்மா முறைத்தால் உட்கார்ந்துவிடும்." முழு மதிப்பெண்!

தாரா இப்போது கல்லூரிக்குப் போகிறாள். இன்றும் நான் வீட்டில் குரலை உயர்த்தினால் போதும், தாயும் மகளும் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வார்கள்.

"ஷ்ஷ்... யாரும் கிட்ட போகாதீங்க. தானா அடங்கிடும்."

அதைவிட எரிச்சல், அடங்கியும் விடுகிறேன்.