திருத்தர் வளர்த்த மீன்கள்

இணையத்தில் திருத்தர் என்று ஓர் உயிரினம் உண்டு. மொட்டைமாடியில் கத்தரிக்காய் போடுகிறவர்கள், பழைய நாணயம் சேர்க்கிறவர்கள், புறா விடுகிறவர்கள், கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறவர்கள் என்று ஒரு பொழுதுபோக்கைச் சுற்றி நாலு பேர் கூடி உட்கார்ந்தால், ஐந்தாவதாக வந்து உட்காருகிறவர் அவர்தான். கத்தரிக்காய் காய்த்ததா, புழு வைத்ததா என்பது அவருக்கு முக்கியமில்லை. கத்தரிக்காயா, கத்திரிக்காயா என்பதுதான் முக்கியம்.

அவரை எப்படி அடையாளம் காண்பது? மிகவும் சுலபம். நீங்கள் பதறிப்போய் ஓர் உதவி கேளுங்கள். முதல் ஆளாக வருவார். "வணக்கம் தோழரே, தங்கள் ஆர்வம் பாராட்டுக்குரியது" என்று தோளில் கை போடுவார். அடுத்த சொல் "ஆயினும்" என்று இருக்கும். அந்த "ஆயினும்" வந்துவிட்டால் தோளில் இருந்த கை கழுத்துக்கு வந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் வராது. நீங்கள் கேட்ட விதத்துக்குப் பதில் வரும். நான்கு பத்திகளில் வரும்.

தமிழாசிரியராக இருப்பாரோ என்று நினைப்பீர்கள். இருக்கமாட்டார். தமிழாசிரியர்கள் சம்பளத்துக்குத் திருத்துகிறவர்கள்; பள்ளிக்கூட மணி அடித்ததும் சிவப்புப் பேனாவை மூடிவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விடுவார்கள். திருத்தருக்கு மணியே அடிப்பதில்லை.

சிதம்பரத்தில் இருந்த சபாபதியைப் பாருங்கள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் எழுத்தர். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, கீழவீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, 'வண்ணமீன் வட்டம்' என்ற தமிழ்க் குழுமத்தில் சேர்ந்தார். அப்போது அவரிடம் தொட்டியும் இல்லை, மீனும் இல்லை. சேர்ந்த அன்றே ஏழெட்டுப் பேரைத் திருத்தினார். "உங்ககிட்ட என்ன மீன் இருக்கு சார்?" என்று யாரோ கேட்டுவிட, அந்த அவமானம் தாங்காமல்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலூருக்குப் பஸ் ஏறினார்.

கடலூர் பஸ்ஸில் இறங்கும் இடத்தை நடத்துநரிடம் எல்லோரும் சுருக்கித் திருப்பாப்புலியூர் என்பார்கள். சபாபதி திருப்பாதிரிப்புலியூர் என்று முழுவதும் சொல்லி, அந்தப் பெயரில் பாதிரி மரம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல ஆரம்பித்ததில் நடத்துநர் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். வண்ணமீன் கடைக்காரர் லூர்துசாமியிடம், "காற்றேற்றி இருக்கிறதா?" என்று கேட்டார். லூர்துசாமி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எதுத்தாப்புல சைக்கிள் கடைல கேளுங்க சார், ட்யூபுக்கு அவுங்கதான் அடிப்பாங்க" என்றார். ஏர் பம்ப்புக்குத்தான் காற்றேற்றி என்று பெயர் என்பதைச் சபாபதி விளக்கி முடிப்பதற்குள், லூர்துசாமி நாலு பேருக்குக் கப்பி மீன் விற்றுவிட்டார். கப்பி என்ற பெயரும் சபாபதிக்குப் பிடிக்காது. வட்டத்தில் அதற்கு வண்ணவாலி என்று பெயர் மாற்றியாகிவிட்டது. அந்த மீனுக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை.

வட்டத்தில் அவர் மேற்பார்வையாளர் ஆனார். ஆகாமல் என்ன? மற்றவர்களுக்குத் தொட்டி கழுவுகிற வேலை இருந்தது. இவருக்கு முழுநேரமும் ஓய்வு. 'மச்சி' என்று எழுதினால் எச்சரிக்கை. 'செம' என்று எழுதினால் எச்சரிக்கை. 'தல' என்று அழைத்தால், "யாருடைய தலை?" என்ற கேள்வி. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர்களை அவர் மனிதர்களாகவே எண்ணவில்லை.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கொளஞ்சியப்பன் என்று ஒருவர், "மீன் ஒடம்புல வெள்ள வெள்ளயா புள்ளி வந்துருக்கு, என்ன பன்றது பாஸ்" என்று கேட்டார். "வணக்கம் தோழரே" என்று தொடங்கிய சபாபதி, 'பன்றது' என்று எழுதினால் படிப்பவருக்கு வேறொரு விலங்கின் நினைவு வருகிறது என்று எழுதி, னகர ணகர விவகாரத்தை விரிவாக அலசினார். பதினொரு பேர் கைதட்டினார்கள். நாலைந்து நாள் கழித்துக் கொளஞ்சியப்பன், "எல்லா மீனும் செத்துடுச்சி" என்று ஒரு வரி போட்டார். "ஆழ்ந்த இரங்கல். ஆயினும், 'எல்லா' என்று வந்தால் பன்மை வினைமுற்று வரவேண்டும்" என்று சபாபதி பதில் போட்டார். கொளஞ்சியப்பன் அதற்குப் பிறகு வரவில்லை. திருந்திவிட்டார் என்று சபாபதி எடுத்துக்கொண்டார்.

இதற்கெல்லாம் உச்சமாகப் பூட்டுச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார். ஒரு பதிவின் மேல் மூன்று உறுப்பினர்கள் 'பிழை' என்று அழுத்தினால் அந்தப் பதிவு பூட்டிக்கொள்ளும். யாரும் பதில் எழுத முடியாது. எழுதியவர் பிழையைத் திருத்தி மனுப் போடவேண்டும். மேற்பார்வையாளர் ஒருவர் பார்த்து, திருப்தியானால் திறப்பார். மேற்பார்வையாளரே எழுதிய பதிவானால், அதை இன்னொரு மேற்பார்வையாளர்தான் திறக்கலாம். இந்தக் கடைசி விதியைப் பற்றி அவருக்குத் தனிப் பெருமை. சட்டம் என்றால் தனக்கும் சேர்த்துத்தான் என்று வீட்டில் மாலதியிடம் சொல்லிக் காட்டினார். மாலதி அவருடைய மனைவி. அவர் திருத்திக்கொண்டிருக்கும்போது மீனுக்குத் தீனி போடுகிறவள் அவள்தான்.

பூட்டுச் சட்டம் வந்தபோது கடலூர் மஞ்சக்குப்பத்தில் பல் டாக்டராக இருந்த வெண்மதி சண்டைக்கு வந்தாள். "சார், நாங்க இங்க மீனு வளக்க வந்தோமா, பரிட்ச எழுத வந்தோமா?" என்று கேட்டாள். அந்த வரியிலேயே நாலு பிழை இருந்ததால் அது உடனே பூட்டப்பட்டது. அவள் போகும்போது சும்மா போகவில்லை. ஃபேஸ்புக்கில் 'ஃபிஷ் டேங்க் மச்சீஸ்' என்று ஒரு குழு தொடங்கினாள். வட்டத்தில் மீன் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சபாபதிக்குத் துளியும் வருத்தமில்லை. களை போய் நெல் நின்றது என்று எழுதினார்.

ஒன்று சொல்லவேண்டும். சபாபதிக்கு மீன் மேல் பாசமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். குட்டியாக வாங்கி வந்த ஏஞ்சல் மீன்களில் இரண்டு, தாமாகவே ஒன்றையொன்று தேர்ந்தெடுத்து ஜோடி சேர்ந்தன. ஏஞ்சலில் ஜோடி சேர்வது அபூர்வம்; நாம் சேர்த்து வைத்தால் கடித்துக்கொள்ளும். இரண்டும் ஓர் இலையைச் சுத்தம் செய்து அதையே சுற்றிவந்தன. பெண் மீனின் வயிறு உப்பியிருந்தது. முட்டை வைக்கும் நேரம். சபாபதி அலுவலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் தொட்டியைப் பார்ப்பார்.

இரண்டாயிரத்துப் பதினொன்று நவம்பர். அடைமழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். முட்டை வைக்கும் முன் தண்ணீரைச் சுத்தமாக்குவோம் என்று, குழாய்த் தண்ணீரைப் பிடித்துப் பாதித் தொட்டிக்கு மேல் ஊற்றினார் சபாபதி. கொஞ்ச நேரத்தில் மாலதி கூப்பிட்டாள்.

"என்னாங்க, ரெண்டும் மேலுக்கு வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. இங்க வாங்க."

வந்து பார்த்தார். மீன்கள் சாய்ந்து சாய்ந்து நீந்தின. செவுள் படபடவென்று அடித்தது. தண்ணீரில் ஒரு நெடி.  ஐந்து வருடம் மீன் குழுமத்தில் இருந்தவருக்கு, மீன் மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்று தெரியவில்லை. அதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் அவர் படித்திருந்தார். சந்திப்பிழைக்காக மட்டும்.

கணினி முன் ஓடி, ஈரக் கையோடு வட்டத்தில் எழுதினார். தண்ணி மாத்தினேன், மீன் சாவுது, யாராவது உடனே சொல்லுங்கள் என்று வாய்க்கு வந்தபடி தட்டினார். பதில் வரும் என்று பார்த்தார். பக்கத்தைப் புதுப்பித்தபோது பதிவின் மேல் ஒரு சின்னப் பூட்டுப் படம் இருந்தது.

இன்னொரு மேற்பார்வையாளர் திட்டக்குடி அறிவழகன். சபாபதி கையைப் பிடித்து வளர்த்த சீடர். அவருக்குப் போன் போட்டார்.

"தம்பி, அந்தப் பூட்டத் தொறந்து வுடுப்பா. அவசரம்."

"தொறந்துடலாம்ண்ணா. ரெண்டாவது வரில ஒரு ஒற்று வுட்டுப்போச்சி. மாத்திட்டு ஒரு மனு போட்டுடுங்க."

"மீனு சாவுதுய்யா."

"அதயும்தாண்ணா சொல்ல வந்தேன். சாவுதுங்கறது பேச்சு வழக்கு."

சபாபதிக்கு இப்படி ஒரு பதிலை வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்பதுபோல் இருந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு, சட்டம் கிடக்கட்டும், இப்படி மீன் திணறினால் நீ என்ன செய்வாய் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

 "எனக்கு எப்படிண்ணா தெரியும்? எங்க வூட்டுல மீனு இல்லியே. நான் தமிழுக்காகத்தான வட்டத்துல சேந்தேன்."

மற்ற உறுப்பினர்களின் பெயர்களைச் சபாபதி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஒருவரும் தம் மீனைப் பற்றி எழுதியதாக நினைவில்லை. நின்ற நெல் அத்தனையும் அறிவழகன்கள்.

அதற்குள் மாலதி தன் போனில் ஏதோ தட்டியிருந்தாள். மச்சீஸ் குழுவில் அவள் எப்போதோ சேர்ந்துவிட்டாள் என்பதே சபாபதிக்கு அன்றுதான் தெரியும். வெண்மதியிடமிருந்து உடனே பதில் வந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். மாலதி சத்தமாகப் படித்தாள்:

"அக்கா, மழைக்கு அப்பறம் கொழாத் தண்ணில ப்ளீச்சிங் ஜாஸ்தி போடுவாங்க. மீனுக்கு அது வெஷம். நேத்து புடிச்சி வச்ச தண்ணி இருந்தா அதுல ஒடனே மாத்துங்க. லேட் பண்ணாதீங்க, செம டேஞ்சர்."

நேற்றுப் பிடித்த தண்ணீர் குளியலறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம் நிறைய இருந்தது. மாலதி வாளியை எடுக்க ஓடினாள். ஓடும்போது, முழுதாக ஒரு தரம் பார்க்கிறேன் என்று கேட்ட கணவரிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போனாள். செய்யக்கூடாத காரியம்.

சபாபதி பார்த்தார். செய்தியைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்த்தார். ழகரம் வரவேண்டிய இடத்தில் எல் போட்ட ஆங்கில எழுத்து, வாக்கிய முடிவில் புள்ளியில்லை, நடுவே 'செம'. உள்ளே ஏதோ ஒன்று அவரைக் கேட்காமலே நிமிர்ந்து உட்கார்ந்தது. நன்றி சொல்லிவிட்டு ஒரே ஒரு வரி, அதற்கு மேல் இல்லை, என்று எண்ணிக்கொண்டார். எண் பட்டன்கள் உள்ள பழைய போன். ஓர் எழுத்துக்கு மூன்று அழுத்து. "வணக்கம் தோழியே, தங்கள் ஆர்வம்" என்று வருவதற்குள் கட்டைவிரல் வலித்தது. பிறகுதான் கவனித்தார்: அந்தப் போனில் தமிழே கிடையாது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதக் கூடாது என்று அவரே ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். திடுக்கிட்டு அழித்தார். இனி செய்யவேண்டியது என்ன? நீங்களும் நானும் வலையைத் தேடுவோம். சபாபதி எழுந்து கணினிக்குப் போனார்.

"மாலதி, உன் பாஸ்வேர்டு என்னா?"

மாலதி வாளியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முழங்கை வரை தண்ணீருக்குள் இருந்தாள். "மொதல்ல வலய எடுத்துக் குடுங்க. எங்க வச்சீங்க?"

"ஒரு நிமிசம் இரு."

வலை எங்கே இருக்கிறது என்று வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும். அவள் காத்திருக்கவில்லை. அரிசி களையும் குண்டானை விட்டு அளைந்தாள். ஆண் மீன் மேலேயே கிடந்ததால் முதல் தடவையிலேயே வந்துவிட்டது. வாளிக்குப் போனதும் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து நீந்தியது. பெண் மீன் பயந்து, தான் சுத்தம் செய்து வைத்திருந்த இலைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. குண்டான் அந்த மூலைக்குள் நுழையவில்லை. "வலங்க, வலய குடுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்று மாலை, பூட்டு திறந்தபின், நடந்ததையெல்லாம் சபாபதி வட்டத்தில் எழுதினார். இந்த முறை நிதானமாக, மூன்று தடவை படித்துப் பார்த்துப் போட்டார். அறிவழகன் முதலில் வந்து, ஒரு பிழைகூடக் காணமுடியாத பதிவு என்று பாராட்டினார். மற்றவர்களும் வந்தார்கள். காற்புள்ளிகள் அருமை என்றார் ஒருவர். ஒருவரும் மீனைப் பற்றிக் கேட்கவில்லை.

அவர்களை விடுங்கள். நீங்கள் இவ்வளவு தூரம் படித்து வந்தீர்களே, வழியில் எத்தனை இடத்தில் நின்று சந்தி பார்த்தீர்கள்? 'பிரவுசிங் சென்டர்' என்று வந்த இடத்தில் முகம் சுளித்தீர்களா? "இதை எழுதியவருக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் என்ன" என்று தோன்றியதா? தோன்றியிருந்தால் வாருங்கள், வட்டத்தில் இடம் இருக்கிறது. மீன் இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பெண் மீனை மாலதி சாயங்காலம் செம்பருத்திச் செடிக்கடியில் புதைத்தாள். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிட்டேன்.