கடற்காகம் ஏன் தோற்றது?

கடற்காகம் விளையாட்டுக் கழகம் இறுதியாட்டத்தில் தோற்றதற்கு முழுக் காரணமும் கோல் காப்பாளன் றொமேஸ்தான் என்று வின்சன் முடிவு கட்டிவிட்டான். இனி அந்த முடிவை ஊரின் தலையிலும் கட்டிவிட வேண்டும்.

இதில் இரண்டு சங்கடங்கள் இருந்தன. ஒன்று, றொமேஸ் அவன் மனைவி றோசம்மாவின் கூடப்பிறந்த தம்பி. மற்றது, அணி தோற்றதற்கு முழுக் காரணமும் வின்சன்தான்.

நாயாற்றங்கரையில் அவர்கள் ஊரில் கோல் கம்பங்களுக்குக் கடை வலை கட்டுகிற வழக்கம் கிடையாது. வலையோடு பிறந்து வலையோடு வாழ்கிற ஊர், காசு கொடுத்து வலை வாங்கிப் பந்துக்குக் கட்டினால் மீன்களே சிரிக்கும். வருடம் ஒரு வீட்டுப் பழைய வலை கோலுக்குப் போகும். இந்த வருடம் "என்ர வலை" என்று கழகக் கூட்டத்தில் எழும்பி நின்று நெஞ்சை நிமிர்த்தியவன் வின்சன். அந்த வலை வேலியில் காய்ந்துகொண்டிருந்தபோது கட்டாக்காலி மாடொன்று கொம்பில் கொளுவி இழுத்துப் பெரிய கிழிசலாக்கிவிட்டுப் போனது.

"இஞ்சாருங்கோ, உந்த வலையைப் பொத்தாமலே கொண்டுபோறியள்?" என்று றோசம்மா அன்றைக்கே கேட்டாள்.

"நாங்கள் என்ன நெத்தலியே பிடிக்கப் போறம்? பந்தப்பா, பந்து. பாரை மீனை விடப் பெரிசு."

"ஓட்டை பந்தை விடப் பெரிசாக் கிடக்கு."

"உமக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும்?"

அவளுக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாதுதான். வலையைப் பற்றித் தெரியும். அந்தக் கரையில் அவளைப்போலக் கிழிந்த வலையை முடிச்சுப் போட்டுப் பொத்துகிற கை வேறு இல்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து வின்சன் வலை ஊசியைத் தொட்டதும் இல்லை.

இறுதியாட்டம் முடிகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. உடையார்கட்டு அணியின் பெடியன் ஒருவன் அடித்த பந்து கம்பத்துக்கு வெளியால் போனது. வெளியே போகிற பந்துக்கு ஏன் பாய்வான் என்று றொமேஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். பந்து பக்கவாட்டு வலையில் பட்டு, மாடு திறந்துவிட்ட வாசலால் உள்ளே வந்து, கோலுக்குள் ஆறுதலாக உருண்டு நின்றது. தூரத்தில் நின்ற நடுவர் ஓடி வந்து பார்த்தார். பந்து வலைக்குள் கிடந்தது. விசிலை ஊதினார். கிண்ணம் உடையார்கட்டுக்குப் போனது.

பந்து வந்த வழியைக் கண்டவர்கள் இரண்டே பேர். ஒருவன் றொமேஸ். மற்றவன் கோலுக்குப் பின்னால் நின்ற வின்சன். றொமேஸ் தொண்டை கிழியக் கத்தினான். வின்சன் கத்தவில்லை. சனம் நடுவரைச் சுற்றி வளைத்த இடைவெளியில் வலையை அவிழ்த்துச் சாக்கில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டினான். ஆட்டம் முழுவதையும் கைபேசியில் பிடித்த ஊர்ப் பெடியன் ரஜிதனின் படத்தில் அந்த நேரத்துக்கு ஒரு பனையும் கொஞ்ச வானமும்தான் இருந்தன. பயல் துள்ளியிருக்கிறான்.

அதன் பிறகு ஊருக்கு நிம்மதி போய்விட்டது. கடலுக்குப் போனவர்கள் பாதியில் திரும்பினார்கள், வள்ளத்துக்குள் வாக்குவாதம் முற்றியதால். தோல்விக்குக் காரணம் சோழகக் காற்று என்றார்கள் சிலர். ஆட்டத்துக்கு முதல் பெடியள் தின்ற புட்டும் நண்டுக்கறியும் என்றார்கள் வேறு சிலர். பங்குச் சுவாமியார் ஆசீர்வாதத்தைச் சுருக்கிவிட்டார் என்றும் ஒரு கட்சி இருந்தது. வெறும் கோலுக்கு முன்னால் நின்று பந்தைக் கடலுக்கு அடித்த ஸ்ரீபன், தான் காலில் போட்டிருந்த சப்பாத்து தம்பியாருடையது என்று வீடு வீடாகப் போய் விளக்கம் கொடுத்தான். ஆனால் எந்தக் கதை எங்கே தொடங்கினாலும் றொமேசில் வந்துதான் முடிந்தது.

"பந்து வெளியாலதான் வந்தது. வலையில ஓட்டை" என்பான் அவன்.

"இடுப்பில கை வைச்சுக்கொண்டு நிண்டனியே, இல்லையே?"

"நிண்டனான். ஆனால்..."

"அவ்வளவுதான் கேட்டனாங்கள்."

பிறகு அவன் கரைக்கு வருவதையே விட்டுவிட்டான். அக்கா வீட்டுக்கு வந்தாலும் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போனான். றோசம்மாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அவள் புருசனுக்கோ வேறு விதமாகப் பொறுக்கவில்லை. கழகத் தலைவர் தங்கராசா, ஐஸ் போட்டு மீன் ஏற்றுகிறவர், ஞாயிறு பூசை முடிய மரத்தடியில் கூட்டம் என்று சொல்லிவிட்டார். தோல்விக்குக் காரணம் யாரென்று அங்கே முடிவாகும். அடுத்த வருடப் பயிற்சியாளர் யாரென்றும் முடிவாகும். வின்சன் பயிற்சியாளருக்கென்று ஒரு விசிலை முன்கூட்டியே வாங்கிச் சட்டைக்குள் தொங்கவிட்டிருந்தான். பழி றொமேசில் விழுந்தால் விசில் வெளியே வரும். ஓட்டையில் விழுந்தால் வின்சன் ஊரில் தலைகாட்ட முடியாது.

"வின்சன், அந்த வலையையும் கொண்டு வாரும்" என்றார் தங்கராசா. "பெடியன் ஓட்டை ஓட்டை எண்டு நிக்கிறான். விரிச்சுப் பாத்தால் கதை முடிஞ்சுது."

வின்சன் மனதுக்குள் கணக்குப் போட்டான். வலை தொலைந்துவிட்டது என்றால் ஓட்டை இருந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. தானே பொத்தினால் அது பொத்தின மாதிரியும் இராது, கிழிந்த மாதிரியும் இராது. வீட்டுக்கு வந்தான். கதிரையில் இருந்தான், எழும்பினான். குசினி வாசலுக்கும் வேலிப் படலைக்குமாக நடந்தான். கடைசியில் குசினிக்குள் தலையை நீட்டினான்.

"றோசம்மா, வலையில சின்னக் கிழிசல் ஒண்டு. பொத்தித் தாருமன்."

"எந்த வலை?"

"அதுதான்... கோலுக்குக் கட்டினது."

"பந்து பாரையை விடப் பெரிசெண்டியள்."

"இது பந்துக்கில்லை. இறாலுக்கு."

"உந்த வலைக்கண்ணில இறாலோ? சுறாக்குட்டியே உள்ள வந்து தேத்தண்ணி குடிச்சுப்போட்டுப் போகும்."

"அப்ப சுறாவுக்கெண்டு வையுமன். பொத்தத்தானே சொன்னனான்."

றோசம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். "ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் பற்றி என்ன கதைக்கப்போறியள்?"

"நான் நியாயம்தான் கதைப்பன். மச்சான் எண்டு பாக்கமாட்டன்."

"நியாயம் கதைக்கத்தான் வேணும்" என்றாள் அவள். "வைச்சிட்டுப் போங்கோ. பொத்தித் தாறன்."

வின்சன் இந்த இடத்தில் பயந்திருக்க வேண்டும். பல வருடக் குடித்தனத்தில் றோசம்மா எதற்கும் முதற் கேள்வியிலே சம்மதித்ததில்லை. ஆனால் வேலை முடிந்த சந்தோசத்தில் மனுசனுக்குத் தலைகால் தெரியவில்லை.

"ஒரு ஓட்டையும் இருக்கப்படாது" என்று படலையில் நின்று சொன்னான்.

"ஒரு ஓட்டையும் இராது."

"உறுதியாப் பொத்தும்."

"என்ர பொத்தல் ஊர் முழுக்கத் தெரியும். நீங்கள் போய் உங்கட நியாயத்தைப் பாருங்கோ."

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்கு வெளிக்கிடுகிற நேரம் பார்த்து அவள் சாக்கை நீட்டினாள். வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. வின்சன் கட்டைக் கொஞ்சம் தளர்த்தி உள்ளே கையை விட்டான். அந்தக் கரையில் யாரும் வலையைக் கண்ணால் பார்ப்பதில்லை. இருட்டுக் கடலில் கண் எதற்கு உதவும்? விரலால்தான் பார்ப்பார்கள். வின்சனும் அப்படியே கண் கண்ணாக வலையை விரலுக்குள்ளால் ஓடவிட்டான். கிழிசல் இருந்த இடத்தில் ஒவ்வொரு முடிச்சும் கல்லுப் போல இருந்தது.

"வடிவாக் கிடக்கு" என்றான்.

"வடிவாத்தான் கிடக்கு" என்றாள் அவளும்.

பூசை முடிந்து மரத்தடியில் ஆம்பிளைகள் கூடினார்கள். பெண்கள் கோயில் மதிலோடு நின்றார்கள். றொமேஸ் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். முதலில் காற்றுக் கட்சி பேசியது. பிறகு நண்டுக் கட்சி பேசியது. ஸ்ரீபன் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டே வந்திருந்தான். தங்கராசா கையமர்த்தினார்.

"வின்சன், நீர்தான் கோலுக்குப் பின்னால நிண்டனீர். சொல்லும்."

இதற்காகத்தான் வின்சன் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியிருந்தான். தொண்டையைச் செருமினான்.

"எனக்கு மனவருத்தம்தான். அவன் என்ர மச்சான். எண்டாலும் கழகம் பெரிசு. பந்து வருது, கீப்பர் இடுப்பில கை வைச்சுக்கொண்டு கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிறான். ஏன்? பயிற்சி இல்லை. சொல்லிக் குடுக்க ஒரு ஆள் இல்லை. அப்பிடி ஒரு ஆள் வேணும்." இந்த இடத்தில் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். விசிலின் நூல் கொஞ்சம் தெரிந்தது.

"வலையில ஓட்டை எண்டு அவன் சொல்லுறான்" என்றார் தங்கராசா.

"ஓட்டையோ?" வின்சன் சாக்கை உயர்த்திப் பிடித்தான். "என்ர வலையில ஓட்டையோ? இதை நான் கழட்டினபடி கொண்டுவந்திருக்கிறன். ஒரு நூல் மாத்தேல்லை. எல்லாரும் வந்து ஓட்டையைக் காட்டுங்கோ. காட்டினால் நான் இந்தக் கழகத்துக்குச் சாகும்வரைக்கும் வேலைக்காரன்."

சாக்கின் கட்டை அவிழ்த்தான். இரண்டு பெடியள் வலையின் இரண்டு தலைப்பையும் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வலை விரிந்தது.

நரைத்துப் போன பழைய வெள்ளை வலை. அதன் பக்கவாட்டில், ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவுக்கு, புத்தம்புதுச் செம்மஞ்சள் நூலில், கிழிசலை மூடி வட்டமாக ஒரு பொத்தல். வெயிலில் அது உதயசூரியனாய் நின்று எரிந்தது. முடிச்சுகள் அவ்வளவு நேர்த்தி. ஓட்டை ஒன்றுகூட இல்லை.

வின்சன் அதைப் பார்த்தான். தன் விரல்களைப் பார்த்தான். விரலுக்கு நிறம் தெரியாது என்ற விசயம் அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஸ்ரீபன் ஒரு பெடியனின் கையில் இருந்த பந்தை எடுத்துக்கொண்டு போய்ச் செம்மஞ்சளுக்கு மேல் வைத்துப் பார்த்தான். பந்தைச் சுற்றி இன்னும் இடம் மிச்சம் இருந்தது.

"ரண்டு பந்து போகும்" என்றான் ஸ்ரீபன். சப்பாத்தைப் பற்றி இனி ஒருவரும் கேட்கப்போவதில்லை என்ற ஆறுதல் அவன் முகத்தில் தெரிந்தது.

"ஒரு நூல் மாத்தேல்லை எண்டீர்" என்றார் தங்கராசா.

வின்சனின் முழி பிதுங்கியது. மதில் பக்கம் திரும்பினான். "றோசம்மா, என்னப்பா இது?"

"பொத்தச் சொன்னியள், பொத்தினன்" என்றாள் அவள், ஊருக்கே கேட்கிற குரலில். "ஒரு ஓட்டையும் இருக்கப்படாதெண்டியள். இருக்கோ எண்டு பாருங்கோ."

"வெள்ளை நூல்..."

"நிறத்தைப் பற்றி நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே."

றொமேஸ் தலையை நிமிர்த்தினான். அக்காவைப் பார்த்தான், கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் அவனை வறுத்தெடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தோளில் கை போட்டார்கள். காற்றுக் கட்சியும் நண்டுக் கட்சியும் தாங்கள் அப்போதே வலையைச் சந்தேகப்பட்டதாகச் சொல்லத் தொடங்கின.

"றொமேஸ்தான் எங்கட கீப்பர்" என்று தங்கராசா முடித்தார். "பயிற்சியாளர் கதையைப் பேந்து பாப்பம். வின்சனுக்கும் ஒரு பதவி குடுக்கத்தான் வேணும். அவரே கேட்டவர், சாகும்வரைக்கும் எண்டு. இனிக் கழகத்துக் கோல் வலையெல்லாம் அவற்ற பொறுப்பு. அவற்ற கையாலதான் பொத்தவேணும். றோசம்மா, நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ."

"நான் பாத்துக்கொள்ளுறன் அண்ணை" என்றாள் றோசம்மா.

அன்றைக்குப் பின்னேரம் வின்சன் வீட்டு முற்றத்தில் கழகத்தின் கிழிந்த வலைகளெல்லாம் வந்து குவிந்தன. ஊரில் இவ்வளவு கோல் கம்பங்கள் இருக்கின்றனவா என்று அவனுக்குச் சந்தேகம். நடுவில் ஊசியோடு இருந்தான். ஒரு முடிச்சுப் போட்டால் இரண்டு அவிழ்ந்தது. விசில் இடைக்கிடை வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டது, கழற்றிக் கடைசியில் வேலியில் கொளுவினான். றொமேஸ் குசினிக்குள் இருந்து மூன்றாவது தடவையாகச் சோறு வாங்கித் தின்கிற சத்தம் கேட்டது.

"அத்தான்" என்று கை கழுவ வந்தவன் எட்டிப் பார்த்தான். "கண் பெரிசாப் போகுது. பந்து பாரையை விடப் பெரிசுதான், எண்டாலும் கொஞ்சம் பாத்துப் பொத்துங்கோ."

வின்சன் அவிழ்ந்த முடிச்சை இழுத்து இறுக்கினான். ஒன்றை மட்டும் தீர்மானித்தான். இனி இந்த வீட்டில் எதைச் சொன்னாலும் ஒரு விவரமும் விடாமல் சொல்லிவிடுவது. அந்தத் தீர்மானம் கொடுத்த தைரியத்தில் தலையை நிமிர்த்தி மனைவியைக் கூப்பிட்டான்.

"றோசம்மா, எனக்கு நூல் கொண்டு வாரும். வெள்ளை நூல். சுத்த வெள்ளை. விளங்கிச்சோ?"

அவள் குசினிக்குள் இருந்து வந்து நூல்கட்டையை அவன் மடியில் வைத்தாள்.

"வெள்ளை முடிஞ்சுது. செம்மஞ்சள்தான் கிடக்கு."